சீனாவிலிருந்து தத்தெடுத்த பிள்ளைகள்: வீடு வந்து சேர்ந்த பிறகு

சீனாவிலிருந்து குழந்தைகளைத் தத்தெடுத்த குடும்பங்களில், பிள்ளை வீடு வந்த பிறகு என்னென்ன நடக்கிறது, எங்கே சறுக்குகிறது, பெற்றோர் என்ன செய்யலாம் என்பது கேள்வி. அமெரிக்கக் குடும்பங்களை வைத்தே பதில் சொல்கிறேன். 1992இல் சீனாவின் தத்தெடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து 1,60,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் வெளிநாடு போனார்கள். அவர்களில் பாதிக்கு மேல், 82,000க்கும் அதிகமானோர், அமெரிக்காவில் வளர்ந்தவர்கள். 2005தான் உச்சம், அந்த ஒரே ஆண்டில் ஏறத்தாழ 7,900 பேர். 2020இல் கோவிட் வந்ததும் ஏறக்குறைய எல்லாம் நின்றுபோனது. 2024 ஆகஸ்ட் 28 முதல் வெளிநாட்டுத் தத்தெடுப்பை நிறுத்திவிட்டதாகச் சீன அரசு அறிவித்தது. நெருங்கிய ரத்த உறவுக் குழந்தையையோ, கணவன் அல்லது மனைவியின் முந்தைய குழந்தையையோ தத்தெடுப்பவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே வந்தவர்கள் வந்தவர்கள்தான். அவர்கள் இன்று ஆரம்பப் பள்ளியிலிருந்து முப்பது வயதைத் தாண்டியவர்கள் வரை இருக்கிறார்கள். பெற்றோருக்கும் அவர்களுக்கும் எழும் கேள்விகள் மட்டும் இன்னும் நிற்கவில்லை. வந்த புதிதில் செய்ய வேண்டியவற்றையும் சேர்த்தே சொல்கிறேன், அந்த விலக்கின்படி இனி வருபவர்களுக்கும் அவை உதவலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே வருவதெல்லாம் இதைச் சுற்றித்தான் இருக்கும். பிள்ளை தொல்லை தரவில்லை என்பதை வைத்துப் பழகிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அழாமல் தூங்குவது, போட்டதையெல்லாம் சாப்பிடுவது, யாரிடமும் தாவிப் போவது, சில மாதங்களில் சரளமாக ஆங்கிலம் பேசுவது, பெற்றவர்களைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் வளர்வது எல்லாம் நல்ல அறிகுறிகளாகத்தான் தெரியும். பல குடும்பங்களில் சிக்கல் தொடங்கிய இடம் இவைதான்.

குழந்தைகள் வந்த பின்னணி ஒரே மாதிரி இல்லை. தொண்ணூறுகளிலும் இரண்டாயிரத்தின் தொடக்கத்திலும் வந்தவர்களில் பெரும்பாலோர் ஒரு வயதை ஒட்டிய, ஆரோக்கியமான பெண் குழந்தைகள். பின்னாளில் உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு, இதயக் கோளாறு, தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை, முதுகுத்தண்டுப் பிளவு, கை கால் குறைபாடு என்று மருத்துவத் தேவையுள்ள பிள்ளைகளே அதிகம், ஆண் குழந்தைகளும் கணிசம். சிலர் அரசுக் குழந்தைகள் நல இல்லத்தில், வரிசையாகத் தொட்டில் போட்ட கூடத்தில், 'ஆயி' என்று பிள்ளைகள் அழைக்கும் பராமரிப்புப் பெண்களின் கையில் வளர்ந்தவர்கள். சிலரை இல்லமே உள்ளூர்க் குடும்பம் ஒன்றில் வளர்க்கக் கொடுத்திருக்கும். முதல் ஓராண்டு எப்படிப் போகும் என்பதை, இந்த வேறுபாடு பெரிதும் தீர்மானிக்கிறது.

குடும்பத்தில் வளர்ந்த பிள்ளை கூச்சலிட்டு அழும், கதவைத் தட்டும், வளர்த்தவளைத் தேடும், புது அம்மாவைக் கிட்டே சேர்க்காது. பார்க்கவே வேதனையாக இருக்கும், ஆனால் இந்தப் பிள்ளைக்கு ஒருவரிடம் ஒட்டத் தெரியும். ஒருமுறை ஒட்டியது, மறுபடி ஒட்டும். கூடத்தில் வளர்ந்த பிள்ளையோ சத்தமே போடாமல் வரும். மாகாணத் தலைநகரில் ஓர் அரசு அலுவலகத்திலோ ஓட்டல் அறையிலோ அரை மணி நேரத்தில் கைமாறி, குவாங்சோவில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா வாங்கி, ஏறக்குறைய இரண்டு வாரத்தில் விமானம் ஏறிவிடும், அன்றைய நடைமுறை அதுதான். "எவ்வளவு சமத்து" என்று எல்லோரும் சொல்வார்கள். அழுதால் யாரும் வரமாட்டார்கள் என்று அது சில மாத வயதிலேயே கற்றுக்கொண்டிருக்கலாம். வீட்டுக்கு வந்து சில வாரமோ சில மாதமோ கழித்து அதே பிள்ளை அம்மா குளியலறைக்குப் போனாலே கதறத் தொடங்கினால் பயப்படாதீர்கள். பிரிவு என்றால் என்னவென்று அதற்கு இப்போதுதான் உறைக்கிறது. அதை வளர்ச்சியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் 3 முதல் 6 மாதம் வரை ஒரு கட்டுப்பாடு தேவை, இது உறவினர்களுக்குக் கசக்கும். சோறு ஊட்டுவது, டயப்பர் மாற்றுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது, அடிபட்டால் தூக்குவது ஆகிய ஐந்தையும் அம்மாவும் அப்பாவும் மட்டுமே செய்ய வேண்டும். தாத்தா பாட்டி சமைக்கட்டும், துணி மடிக்கட்டும், குழந்தையோடு தரையில் உட்கார்ந்து விளையாடட்டும். மடியில் வைத்து ஊட்ட வேண்டாம். பிறந்ததிலிருந்து ஷிஃப்டுக்கு ஓர் ஆள் என்று மாறிக்கொண்டே இருந்ததால், பெரியவர்கள் எல்லோரும் ஒன்றே என்பது அந்தப் பிள்ளையின் கணக்கு. கடையில் முன்பின் தெரியாதவர் கை நீட்டினாலும் போய்விடும், அவர் கழுத்தைக் கட்டிக்கொள்ளும், திரும்பி அம்மா எங்கே என்று பார்க்கவும் பார்க்காது. அதைக் கலகலப்பு என்று ரசிக்காமல் மெதுவாக வாங்கி உங்கள் இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள், "இவள் இப்போது எங்களிடம் மட்டும்தான் வருவாள்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். புது இடத்துக்குப் போனால் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்வது, விளையாடும்போது நடுநடுவே உங்கள் முகத்தைப் பார்ப்பது, வலித்தால் உங்களிடம் மட்டும் வருவது ஆகியவை தொடங்கினால் கட்டுப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தலாம். ஓராண்டு கடந்தும் தொடங்கவில்லை என்றால், பிணைப்புச் சிக்கல்களில் பயிற்சி பெற்ற குழந்தை மனநல நிபுணரைப் பாருங்கள். பிள்ளையைக் கட்டிப்பிடித்து அழுத்தி அழவைக்கும் 'சிகிச்சை' என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்; அது ஆபத்தானது, உயிர்போன சம்பவமும் உண்டு.

பிள்ளை ஒருவரிடம் ஒட்டி மற்றவரை ஒதுக்குவது மிகச் சாதாரணம். ஒதுக்கப்படுவது பெரும்பாலும் அப்பா, ஏனென்றால் இல்லத்தில் ஆண்களைப் பார்த்ததே குறைவு. வளர்த்த அம்மாவைப் பறிகொடுத்த பிள்ளை புது அம்மாவை ஒதுக்குவதும் உண்டு. ஒதுக்கப்பட்டவர் மனம் நொந்து விலகினால் அது அப்படியே உறைந்துவிடும். இனிப்பு, பால் பாட்டில், பூங்கா, ஊஞ்சல் போன்ற இன்பமான வேலைகளையெல்லாம் அவர் கைக்கு மாற்றுங்கள். மருந்து கொடுப்பது, மூக்கு துடைப்பது, "கூடாது" என்று சொல்வது ஆகியவற்றை ஒட்டிக்கொண்டவர் பார்த்துக்கொள்ளட்டும்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஓர் ஆயிக்குப் பல குழந்தைகள் என்பதால் பல இல்லங்களில் பால் பாட்டிலைக் கையில் பிடித்து ஊட்டுவதில்லை, துணியை மடித்து முட்டுக் கொடுத்து வாயில் வைத்துவிடுவார்கள். சீக்கிரம் காலியாக வேண்டும் என்று நிப்பிள் துளையைக் கத்தரித்துப் பெரிதாக்கியிருப்பார்கள். பால் நன்றாகச் சூடாக, அரிசி மாவு கலந்து கெட்டியாக, இனிப்பாக இருக்கும். ஆகவே புது வீட்டில் வெதுவெதுப்பான, நீர்த்த பாலைச் சிறு துளை நிப்பிளில் கொடுத்தால் பிள்ளை தலையைத் திருப்பிக்கொள்ளும், பெற்றோர் பசியில்லை என்று நினைப்பார்கள். வேகமாகப் பாயும் நிப்பிளை வாங்குங்கள். சீனாவிலிருந்தே ஒரு டப்பா பால்பொடி கொண்டுவந்திருந்தால், முதல் சில நாள் முக்கால் பங்கு பழையது, கால் பங்கு புதியது, பிறகு சரிபாதி என்று பத்துப் பதினைந்து நாளில் மாற்றுங்கள். வாய் சுடாத அளவில் சூட்டையும் அதேபோல் படிப்படியாகக் குறையுங்கள். பாட்டிலைப் பிள்ளையின் கையில் கொடுக்காமல் மடியில் படுக்கவைத்து, கண்ணைப் பார்த்தபடி நீங்களே பிடித்துக் கொடுங்கள். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு குடிக்கும், பிறகு ஓரக்கண்ணால் பார்க்கும், ஒரு நாள் குடிப்பதை நிறுத்திவிட்டு உங்களையே பார்க்கும். மூன்று வயதுப் பிள்ளை பாட்டில் கேட்டாலும் இதே மாதிரி கொடுங்கள். அந்த வயதில் பாட்டில் தேவையில்லைதான். ஆனால் கைக்குழந்தையாக இருந்தபோது கிடைக்காத மடி இப்போதாவது கிடைக்கட்டும். பல் சொத்தையாகாமல் இருக்கத் தூங்கும் முன் பல் துலக்கிவிடுங்கள்.

சற்று வளர்ந்து வந்த பிள்ளைகள் பலருக்கு வயிறு நிறைந்தது தெரியாது. வாந்தி வரும்வரை சாப்பிடும், கன்னத்தில் அதக்கி வைத்திருக்கும், தலையணைக்கு அடியில் ரொட்டி கிடைக்கும். தட்டைப் பிடுங்குவதும் "போதும்" என்று மிரட்டுவதும் அந்தப் பயத்தைக் கூட்டும். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவே இரண்டு மூன்று சிற்றுணவு, கடிகாரம் பார்த்து, ஒருநாளும் தவறாமல். பிள்ளையின் உயரத்தில் பழமும் பிஸ்கட்டும் உள்ள ஒரு கிண்ணம் எப்போதும் இருக்கட்டும். வெளியே போனால் சின்னப் பையில் அது தானே தூக்கிவர ஏதாவது கொடுங்கள். பல பிள்ளைகளிடம் பதுக்கல் சில மாதங்களில் குறையும். முதல் வாரங்களில் அரிசிக் கஞ்சி, ஆவியில் வேகவைத்த முட்டை, நூடுல்ஸ், சோறு என்று தெரிந்த உணவையே கொடுங்கள். பாலும் சீஸும் திடீரென்று நிறையக் கொடுத்தால் வயிறு உப்பும், கழியும். கிழக்காசியர் பலருக்குக் குழந்தைப் பருவத்தைத் தாண்டினால் பால் சர்க்கரை செரிப்பதில்லை.

தூக்கமும் இதே கதைதான். வெளிச்சமும் இருமலும் அழுகையும் நிறைந்த கூடத்தில் தூங்கிப் பழகிய பிள்ளைக்கு, அழகாக வண்ணம் பூசிய தனி அறை இருட்டும் நிசப்தமுமான பயங்கர இடம். தொட்டிலை உங்கள் கட்டிலோடு ஒட்டிப் போடுங்கள், அல்லது தரையில் மெத்தை போட்டு ஒருவர் பக்கத்தில் படுங்கள். கொஞ்சம் விளக்கொளி, மின்விசிறிச் சத்தம் இருக்கட்டும். அமெரிக்காவில் பரவலாகச் சொல்லப்படும் 'அழவிட்டுத் தூங்கப் பழக்கும்' முறை இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு தானே தூங்கிவிடும் பிள்ளையாக இருந்தாலும் பக்கத்தில் போய்க் கையை வையுங்கள். குளியல் தொட்டியில் உட்கார்ந்தே அறியாத பிள்ளைகளும் உண்டு. வெறும் தொட்டியில் பொம்மையோடு இரண்டு நாள், பிறகு அரை சாண் தண்ணீர், அதுவும் பெற்றோரில் ஒருவர் கூடவே உட்கார்ந்து.

அம்மாவுக்கே மனச்சோர்வு வரலாம் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கிய பிள்ளை மேல் பாசம் சுரக்கவில்லையே என்ற குற்ற உணர்வு சேர்ந்துகொள்வதால் யாரிடமும் சொல்லவும் மாட்டார்கள். பிரசவித்தவர்களுக்கு வருவதைப் போலவே இதற்கும் மருத்துவம் உண்டு. ஏற்கெனவே வீட்டில் உள்ள பிள்ளைகளுக்கு அம்மா அல்லது அப்பாவோடு தனியாகத் தினமும் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். அதே வயதுப் பிள்ளையைத் தத்தெடுத்து இரட்டையர் மாதிரி வளர்ப்பதைப் பல தத்தெடுப்பு முகமைகள் தடுத்ததற்குக் காரணம், ஒப்பீடு இருவரையும் அரித்துவிடும் என்பதுதான்.

மருத்துவத்துக்கு வருவோம். வந்த இரண்டு மூன்று வாரத்துக்குள், முடிந்தால் வெளிநாட்டுத் தத்தெடுப்பில் அனுபவமுள்ள குழந்தை மருத்துவரிடம் போங்கள். ரத்த அணுக்கள், ஈயத்தின் அளவு, தைராய்டு, ஹெபடைடிஸ் பி மற்றும் சி, எச்ஐவி, சிஃபிலிஸ், காசநோய், மூன்று வெவ்வேறு நாள் எடுத்த மலத்தில் ஒட்டுண்ணி, வைட்டமின் டி, தலசீமியா போன்ற ரத்தக் குறைபாடுகள் ஆகியவை அடிப்படைப் பட்டியல். சீனாவில் எடுத்த பரிசோதனை முடிவு கையில் இருந்தாலும் மறுபடி எடுக்க வேண்டும். ஹெபடைடிஸ், எச்ஐவி, காசநோய்ப் பரிசோதனைகளை ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை செய்யுங்கள். புதிதாகத் தொற்றியது முதல் சோதனையில் தெரியாமல் போகலாம், சத்துக் குறைவான உடலில் காசநோய்ச் சோதனை பொய்யாக இல்லை என்று காட்டலாம். தடுப்பூசிச் சீட்டு இருந்தால் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி உள்ளதா என்று பார்க்கலாம், இல்லையென்றால் திரும்பப் போட்டுவிடலாம். இடுப்பிலும் பின்புறத்திலும் உள்ள நீலச் சாம்பல் நிறத் திட்டுகள், நம் குழந்தைகளுக்கும் இருப்பவைதான், அங்கே அடித்த காயம் என்று தவறாக எண்ணப்படும். முதல் பரிசோதனையிலேயே மருத்துவர் அவற்றைக் கோப்பில் குறித்துவைக்கட்டும், பகலில் பிள்ளையை விட்டுச்செல்லும் குழந்தைக் காப்பகத்துக்கும் ஒரு நகல் கொடுங்கள்.

இல்லத்தில் கழித்த ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் ஏறத்தாழ ஒரு மாத உயர வளர்ச்சி பின்தங்கும் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. வந்த முதல் ஆண்டில் பெரும்பாலான பிள்ளைகள் விறுவிறுவென்று வளர்ந்து ஈடுகட்டிவிடுவார்கள். ஆகவே எலும்பு எக்ஸ்ரேயைப் பார்த்து உடனே வயதைத் திருத்தப் போகாதீர்கள். வளர்ந்த நிலையில் கைவிடப்பட்டவர்களின் பிறந்த தேதி இல்லம் மதிப்பிட்டு எழுதியது, தவறாக இருக்கலாம் என்பது உண்மைதான். ஆனாலும் சத்துக் குறைவான பிள்ளையின் எலும்பும் பல்லும் வயதைக் குறைத்தே காட்டும். குறைந்தது ஓராண்டு சாப்பிட்டு வளர்ந்த பிறகு பார்க்கலாம். வேகமான வளர்ச்சிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. வெளிநாட்டிலிருந்து தத்தெடுத்த பெண் குழந்தைகளுக்கு முன்கூட்டிப் பருவமடையும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். எட்டு வயதுக்கு முன் மார்பு வளரத் தொடங்கினால் ஹார்மோன் நிபுணரைப் பாருங்கள். தள்ளிப்போட மருந்து உண்டு, தாமதித்தால் உயரம் நின்றுவிடும்.

உதட்டுப் பிளவு பெரும்பாலும் சீனாவிலேயே தைக்கப்பட்டு வரும். அண்ணம் தாமதமாகத் தைக்கப்பட்டிருக்கலாம், ஓட்டை விட்டிருக்கலாம். அறுவை மருத்துவர், காது மூக்குத் தொண்டை, பல் சீரமைப்பு, பேச்சுப் பயிற்சி எல்லாம் ஒரே இடத்தில் உள்ள மருத்துவமனையைத் தேடுங்கள். காதில் நீர் கோத்துக் கேட்காமல் இருப்பதும் பேச்சு வராததற்குக் காரணமாக இருக்கலாம். கடும் தலசீமியா உள்ள பிள்ளைகளுக்கு, குறிப்பாகக் குவாங்டாங், குவாங்சி போன்ற தென் மாகாணங்களிலிருந்து வந்தவர்களுக்கு, சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும், சேரும் இரும்பை வெளியேற்ற மருந்து வேண்டும். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு மஜ்ஜை தர, கூடப் பிறந்தவர் யாரென்று தெரியாது என்பது இங்கே கதையளவில் நிற்காமல் நேரடி மருத்துவப் பிரச்சினையாகவே ஆகிறது. அவசரமில்லாத அறுவைகளை ஐந்தாறு மாதம் தள்ளிப் போடுங்கள். மயக்கம் தெளிந்து கண் விழிக்கும்போது யார் முகத்தைப் பார்த்தால் ஆறுதல் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது மொழி. சின்னப் பிள்ளைகள் சீன மொழியை மறக்கும் வேகம் பெற்றோரைத் திடுக்கிட வைக்கும். இரண்டு மூன்று வயதில் வந்தவை சில மாதங்களில் பேசுவதை விட்டுவிடும், ஏழெட்டு வயதுப் பிள்ளைகூட ஓராண்டில் பெரும்பகுதியை இழக்கும். பழைய மொழி போய்ப் புதியது முழுதாக வராத இடைவெளியில் கோபமும் அழுகையும் கூடும். பேச்சிலோ கற்றலிலோ சந்தேகம் இருந்தால் வந்த சில வாரத்துக்குள்ளேயே சீனம் தெரிந்தவரைக் கொண்டு மதிப்பீடு செய்துவிடுங்கள், அந்த வாய்ப்பு திரும்ப வராது. பிள்ளை பேசுவது மாண்டரின் என்று எண்ண வேண்டாம். ஹுனானிலிருந்து வந்தால் அந்த ஊர்ப் பேச்சு, குவாங்டாங்கிலிருந்து வந்தால் கான்டனீஸாக இருக்கலாம்.

பிறகு இரண்டு ஆண்டில் ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடாகிவிடும், எல்லோரும் கவலையை விட்டுவிடுவார்கள். பாடப்புத்தக மொழி கைவர ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். மூன்றாம், நான்காம் வகுப்பில், படிக்கக் கற்பது போய்ப் படித்துக் கற்பது தொடங்கும்போது பிள்ளை திணறும். சோம்பல், கவனமில்லை என்று ஆசிரியர் சொல்வார். "முதலில் ஆங்கிலம் வரட்டும், பிறகு பார்க்கலாம்" என்று பள்ளி சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சிறப்புக் கல்வி மதிப்பீடு வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். நீங்கள் சம்மதக் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து 60 நாள், அல்லது உங்கள் மாநிலம் வகுத்த கெடுவுக்குள் முடிக்க வேண்டும். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு, வளர்ச்சித் தாமதத்துக்கு அரசு உதவும் ஆரம்பத் தலையீட்டுத் திட்டம் உண்டு, பரிந்துரை போன 45 நாளுக்குள் மதிப்பீடும் முதல் கூட்டமும் நடக்க வேண்டும். பள்ளியில் இன்னொரு கண்ணி, குடும்ப மரம் வரைவது, கைக்குழந்தைப் படம் கொண்டுவருவது, பெற்றோரின் கண் நிறத்தை வைத்து மரபியல் பாடம். ஆண்டுத் தொடக்கத்திலேயே ஆசிரியரிடம் பேசி, எல்லாப் பிள்ளைக்கும் மாற்று வழி தரச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைக்கு மட்டும் விலக்குக் கேட்டால் அதுவே அடையாளமாகிவிடும்.

வெள்ளையர் வீட்டில் வளரும் சீன முகமுள்ள பிள்ளையின் காதில் கடையில் விழும் முதல் கேள்வி, "இவள் உங்கள் சொந்த மகளா?" கேட்பவரைத் திருப்திப்படுத்துவதைவிட, பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு உங்கள் பதில் எப்படி விழுகிறது என்பதுதான் முக்கியம். "ஆமாம், என் மகள்" என்று நிறுத்திக்கொள்ளுங்கள். எவ்வளவு செலவானது, பெற்றவள் யார் என்பதெல்லாம் பிள்ளையின் சொத்து, ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேசாமல் நகர்வது, சொல்ல விருப்பமில்லை என்பது, கொஞ்சம் சொல்வது, விளக்கிச் சொல்வது என்று நான்கு வழியும் தனக்கு உண்டு என்று ஆறு வயதிலேயே பிள்ளைக்கும் நடித்துக் காட்டிப் பழக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை சீனப் புத்தாண்டுக்குப் பட்டு உடை போட்டுவிடுவது போதாது. பல் மருத்துவர், பியானோ ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர் என்று தன்னைப் போன்ற முகமுள்ள பெரியவர்கள் அன்றாடத்தில் இருக்க வேண்டும். அதற்காக வீடு மாறிய குடும்பங்களும் உண்டு, என் கருத்தில் அது நியாயமான முடிவு. 2020இல் கோவிட் காலத்தில் ஆசியர்கள் மீது வெறுப்பு கிளம்பியபோது, "நாங்கள் நிறம் பார்ப்பதில்லை" என்று வளர்த்த வீடுகளின் பிள்ளைகளுக்குத்தான் அதை வீட்டில் சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை.

பெற்றவர்களைப் பற்றி எப்படிப் பேசுவது? "உன் மேல் பாசம் இருந்ததால்தான் உன்னைக் கொடுத்தாள்" என்பது பலரும் சொன்ன வசனம். பாசம் வைப்பவர்கள் விட்டுப் போவார்கள் என்றுதான் ஐந்து வயது மனம் அதைக் கேட்கும். "வேண்டாமென்று போட்டுவிட்டார்கள்" என்பதும் உங்களுக்குத் தெரியாத ஒன்று. தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். மூன்று வயதில், "நீ சீனாவில் ஒரு அம்மா வயிற்றில் வளர்ந்தாய், அங்கே பிறந்தாய், பிறகு ஆயிமார் உன்னைப் பார்த்துக்கொண்டார்கள், பிறகு நாங்கள் வந்தோம்." ஏழெட்டு வயதில், நம்மிடம் வந்ததென்றால் யாரோ இழந்திருக்கிறார்கள் என்று பிள்ளை தானே கணக்குப் போடும், அப்போது அழட்டும். ஒன்பது பத்தில், 1980 வாக்கில் தொடங்கி 2015 வரை நீடித்த ஒரு குழந்தைத் திட்டம், அபராதம், ஆண் பிள்ளை மீதான ஆசை, அறுவைக்குப் பணமில்லாத குடும்பங்கள் என்று விரிவாகச் சொல்லலாம். கடினமான விவரம் எதுவாக இருந்தாலும் பன்னிரண்டு வயதுக்குள் சொல்லி முடித்துவிடுங்கள்; பதின்பருவத்தில் முதல்முறை கேட்டால் மறைத்தீர்கள் என்றுதான் ஆகும். பிள்ளை கேட்காவிட்டாலும் நீங்கள் ஆரம்பியுங்கள். பிறந்தநாள் அன்று, "அந்த அம்மாவும் இன்று உன்னை நினைத்திருக்கலாம், உனக்கு எப்போதாவது தோன்றுமா?" என்று ஒரு வரி போதும். கேட்காத பிள்ளைகளில் பலர், அம்மா மனம் புண்படும் என்றுதான் கேட்காமல் இருக்கிறார்கள்.

காகிதத்தில் உள்ளதை உண்மை என்று சத்தியம் செய்யாதீர்கள். சந்தை வாசலில், நல இல்லக் கதவருகில் கண்டெடுக்கப்பட்டது என்று எழுதியிருக்கும். பெரும்பாலும் சரியாக இருக்கலாம். ஆனால் 2005இல் ஹுனான் மாகாணம் ஹெங்யாங்கில் இல்லங்களுக்குக் குழந்தைகள் விற்கப்பட்டது வெளிப்பட்டு வழக்கானது. அதே மாகாணம் லுங்ஹுய் மாவட்டத்தில் குடும்பக் கட்டுப்பாட்டு அலுவலர்கள் பெற்றோரிடமிருந்து குழந்தைகளை எடுத்துப்போனது 2011இல் சீனப் பத்திரிகையிலேயே வந்தது. ஆகவே "இப்படி எழுதியிருக்கிறது" என்று சொல்லுங்கள். பெற்றோரைத் தேடி மாகாண நாளிதழில் 60 நாள் கெடுவோடு வெளியான அறிவிப்பு பல பிள்ளைகளுக்கு உண்டு. அதில் உள்ள சின்னப் படம்தான் அவர்களுடைய முதல் படமாக இருக்கும். பழைய நாளிதழ்களில் அதைத் தேடித் தருபவர்களும் இருக்கிறார்கள்.

பெற்றவர்களைத் தேட இன்று இரண்டு பக்கமும் போக வேண்டும். அமெரிக்க மரபணு நிறுவனங்களில் கிடைப்பது பெரும்பாலும் தத்துப் போன மற்ற பிள்ளைகள். சகோதரிகள், ஒன்றுவிட்ட சகோதரிகள் அப்படிக் கிடைத்திருக்கிறார்கள். பெற்றவர்கள் அந்தப் பட்டியலில் இருப்பது அரிது. சீனாவில் பிள்ளையை இழந்த பெற்றோர் காவல்துறையின் மரபணுக் களஞ்சியத்தில் ரத்தம் கொடுப்பார்கள், 2007இல் தொடங்கிய 'பாவ்பேய் ஹுய்ஜியா' போன்ற தன்னார்வ அமைப்புகளில் பதிவார்கள். அரசுக் களஞ்சியத்தில் மரபணு விவரம் கொடுத்தால் திரும்ப வாங்க முடியாது, அதனால் அந்த முடிவைப் பிள்ளையே பெரியவராகி எடுக்கட்டும். பெற்றவர்கள் கிடைத்துவிட்டால் முதல் தொடர்புக்கு உறவுக்காரரையோ செயலியையோ நம்பாமல் அனுபவமுள்ள மொழிபெயர்ப்பாளரை அமர்த்துங்கள். அங்கே அக்காவும் தம்பியும் வளர்ந்திருப்பார்கள். "என்னை மட்டும் ஏன்" என்ற கேள்வி அந்த முதல் நாளே எழும்.

பூர்வீகப் பயணத்துக்கு எட்டு முதல் பதினொன்று வயது நல்லது, அல்லது பதினேழுக்குப் பிறகு. இல்லத்தைப் பார்க்கப் பல மாதம் முன்பே அனுமதி கேட்க வேண்டும். பல இல்லங்கள் புதுக் கட்டடத்துக்கு மாறிவிட்டன, கண்டெடுத்த சந்தை இடிக்கப்பட்டிருக்கலாம் என்பதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். சீன விசா விண்ணப்பத்தில், சீனாவில் பிறந்தவர் என்பதால் பழைய சீனப் பாஸ்போர்ட்டையும் தத்தெடுப்புச் சான்றிதழையும் கேட்பார்கள். காலாவதியானது என்று அதைத் தூக்கிப் போட்டவர்கள் திண்டாடுகிறார்கள்.

காகித வேலையில் அதிகம் விடுபடுவது குடியுரிமைச் சான்று. 2001 பிப்ரவரி 27இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, அன்று 18 வயது நிறையாத, அமெரிக்கப் பெற்றோரால் முழுமையாகத் தத்தெடுக்கப்பட்டு நிரந்தரக் குடியேறியாக வந்த பிள்ளை தானாகவே குடிமகன். சான்றிதழ் மட்டும் தானாக வராமல் போகலாம். பெற்றோர் சீனாவுக்கே போய்ப் பார்த்துத் தத்தெடுத்தவர்களுக்கான விசாவில் 2004 முதல் வந்தவர்களுக்கு அஞ்சலில் வந்தது. அதற்கு முன் வந்தவர்கள் தாங்களே விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோர் முன்னதாகப் பார்க்காமல் வேறு விசாவில் வந்திருந்தால் மாநில நீதிமன்றத்தில் மறுதத்தெடுப்பும் தேவைப்படும். பாஸ்போர்ட் இருக்கிறதே என்று விடாதீர்கள், பாஸ்போர்ட் காலாவதியாகும், சான்றிதழ் ஆகாது. அது வந்ததும் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பதிவை மாற்றுங்கள். குழந்தையாக வந்தபோது வெளிநாட்டவர் என்று பதிந்தது அப்படியே கிடந்து, பிள்ளை முதல் வேலைக்குப் போகும்போதுதான் தடுக்கும். மறுதத்தெடுப்புச் செய்தால் ஆங்கிலத்தில் மாநிலப் பிறப்புச் சான்றிதழ் கிடைக்கும், அதன் பிறகு சீன அசலை ஒவ்வோர் இடத்திலும் நீட்ட வேண்டியதில்லை. சீனத் தத்தெடுப்புச் சான்றிதழ், பிறப்பு நோட்டரிச் சான்று, கைவிடப்பட்டதற்கான சான்று, சீனப் பாஸ்போர்ட், மருத்துவக் கோப்பு ஆகியவற்றின் அசல்களைத் தீப்பிடிக்காத பெட்டியில் வையுங்கள், ஸ்கேன் செய்த நகலை வேறு இடத்தில் வையுங்கள். தொலைந்திருந்தால், அமெரிக்காவில் வந்திறங்கியபோது விமான நிலையத்தில் நீங்கள் கொடுத்த முத்திரையிட்ட உறையில் இருந்த காகிதங்கள் அமெரிக்கக் குடியேற்றத் துறையின் கோப்பில் இருக்கும். தகவல் அறியும் விண்ணப்பம் போட்டு நகல் கேட்கலாம், 18 வயதானவர் தானே கேட்கலாம். தத்தெடுப்பு முகமையிடம் உள்ள கோப்பையும் இந்த ஆண்டே கேட்டு வாங்குங்கள். சீனத் திட்டம் நின்றபின் முகமைகள் பல சுருங்குகின்றன, சில மூடுகின்றன. மூடிய பிறகு கோப்பு எந்த அலுவலகத்தின் கிடங்குக்குப் போனது என்று தேடுவது பெரும் வேலை.